தூளியில் சமத்தாகக் கிடக்கும் குழந்தை: பார்வையில்லாத கைக்குழந்தையை வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

என் மகளுக்கு மூன்று மாதம் ஆகும்வரை ஊரே அவளைப் புகழ்ந்தது. “எவ்ளோ சமத்து பாரு, தூளியில போட்டா போட்ட மாதிரியே கிடக்குது” என்பார்கள். எனக்கும் பெருமைதான். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் வீடு. தக்காளிச் சீசனில் கணவர் லோடு வண்டியோடு கிளம்பினால் திரும்பி வர இரண்டு நாளாகும். மாடு, அடுப்பு, தோட்டம் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு அழாத குழந்தை பெரிய வரமாகத் தெரிந்தது.

அவளுக்குப் பார்வை இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தச் சமத்து என்னவென்று விளங்கியது. பார்வையுள்ள குழந்தை எதிரில் ஒரு சிவப்புச் சேலை நகர்ந்தாலே தலையைத் திருப்பும், கையை நீட்டும், எட்டவில்லை என்றால் கத்தும். என் மகளின் தூளிக்குள் அவளைக் கூப்பிட எதுவுமே இல்லை. கூப்பிடாத இடத்துக்கு யார்தான் போவார்கள்? கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் இதை வைத்துத்தான். பொருள்களை அவள் கைக்கு எட்டும் இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைத்துவிட்டு, அவள் கை தானாக நகரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இப்போது அவளுக்கு ஆறு வயது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை, வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை: ஆஸ்பத்திரியில் நாள் தவறவிடாதீர்கள்

இரண்டு மூன்று மாதமாகியும் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, விளக்கை நோக்கித் திரும்பவில்லை, கண் நிலையில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது என்றால் உடனே காட்டுங்கள். கருவிழியின் நடுவில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் வெள்ளையாக மின்னினாலோ அடுத்த நாளுக்குக்கூடத் தள்ள வேண்டாம். அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பிறவிக் கண்புரை அடர்த்தியாக இருந்தால் முதல் இரண்டு மாதத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்வதுதான் நல்ல பலன் தரும். “இன்னும் கொஞ்சம் வளரட்டும்” என்று காத்திருந்தால், பிறகு புரையை எடுத்தாலும் மூளை பார்க்கப் பழகியிருக்காது.

குறைமாதக் குழந்தை என்றால் தனிக் கணக்கு. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் 1200 கிராமுக்குக் குறைவான குழந்தைக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் செய்யும்போது “கண் பரிசோதனை எப்போது?” என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். லேசர் தேவை என்று சொல்லிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டியது அது. மாட்டுப் பொங்கல் முடியட்டும், அமாவாசை போகட்டும் என்று தள்ளக்கூடாது.

எங்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன். முதலில் போன இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, “கண் நல்லாத்தான் இருக்கு, வளர வளர சரியாயிடும்” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் போனது. பிறகு பெரிய கண் ஆஸ்பத்திரியில் இ.ஆர்.ஜி. என்ற பரிசோதனை எடுத்தார்கள். கண்ணுக்குள் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் மின் அசைவு வருகிறதா என்று பார்ப்பது அது. அவளுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. பிறவியிலேயே வரும் சில விழித்திரை நோய்களில் தொடக்கத்தில் கண் பார்க்க இயல்பாகவே இருக்கும், டார்ச்சில் பிடிபடாது. அதனால் “நல்லாத்தான் இருக்கு” என்று சொன்ன பிறகும் குழந்தை பார்க்கவில்லை என்று உங்கள் மனசுக்குப் பட்டால் இன்னொரு இடத்தில் காட்டுங்கள். அதே சமயம், சில குழந்தைகளுக்குப் பார்வை தாமதமாக, ஐந்தாறு மாதத்தில் வருவதும் உண்டு. அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு கிட்டத்தில் இருக்கிறது. அங்கே மின்டோ அரசு கண் மருத்துவமனை உண்டு. தருமபுரிக்காரர்கள் சேலம் போகலாம், மதுரை அரவிந்த் போகலாம், சென்னை எழும்பூரில் 1819 முதல் நடக்கும் அரசு கண் மருத்துவமனைக்கும் போகலாம். எங்கே போனாலும் “கைக்குழந்தைகளின் விழித்திரையைப் பார்க்கும் டாக்டர் இருக்கிறாரா?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

கூடவே காதையும் பரிசோதியுங்கள். காதுதான் இனி அவளுக்குப் பாதி உலகம் என்பது ஒரு காரணம். கர்ப்பத்தில் அம்மாவுக்கு ரூபெல்லா வந்திருந்தால் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம் என்பது இன்னொன்று.

கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, இலைச்சாறு பிழிவது எதுவும் வேண்டாம். மிஞ்சியிருக்கும் பார்வையும் புண்ணாகிப் போய்விடும். கிரகணத்தில் வெளியே வந்தாய், சாமி குத்தம் என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

என் கணவர் என் தாய்மாமன், மாமியார் என் சொந்த ஆயா, அதாவது அம்மாவைப் பெற்றவர். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இது சாதாரணம். சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் இப்படிப் பிறப்பதில்லை. ஆனால் ஒரே பழுதான மரபணு அப்பா அம்மா இருவரிடமும் மறைந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 4-இல் 1 வாய்ப்பு என்று மரபணு ஆலோசனையில் சொன்னார்கள். அடுத்த குழந்தைக்கு முன் இந்த ஆலோசனைக்கு ஒருமுறை போய்வாருங்கள். மரபணுச் சிகிச்சை இருக்கிறதாமே என்று பலர் கேட்பார்கள். 2017-இல் அமெரிக்காவில் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். அது ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே ஒரு மரபணுக் கோளாறுக்கு மட்டும்.

சொல்லிவிட்டுத் தொடுங்கள்

நமக்கு ஒருவர் கை நீட்டுவது முன்னாடியே தெரியும். அவளுக்கு எல்லாமே திடீர்தான். திடீரென்று தூக்குகிறார்கள், திடீரென்று தண்ணீர் ஊற்றுகிறார்கள், வாயில் ஸ்பூன் வருகிறது. இப்படியே போனால் குழந்தை ஒன்று வீறிடும், இல்லை ஒடுங்கிப்போகும்.

எனவே முதலில் குரல், அப்புறம் தொடுதல், அப்புறம் செயல். “அம்மா வந்திருக்கேன்” என்று சொல்லி, தோளைத் தொட்டு, “தூக்கப் போறேன்” என்று சொல்லி இரண்டு மூச்சு பொறுத்துத் தூக்குங்கள். தினமும் அதே வார்த்தை, அதே இடத்தில் தொடுதல். குளிக்கும் முன் சொம்பைக் கையில் தொடக் கொடுப்பேன். ஒரு மாதத்தில் சொம்பு கையில் பட்டதுமே காலை உதைக்கத் தொடங்கினாள். அறையைவிட்டுப் போகும்போதும் “போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வையுங்கள். எனக்கு ஒரே ஜோடிக் கண்ணாடி வளையல், மாற்றவே மாட்டேன். அப்பாவுக்கு மீசை. ஆயாவுக்கு வெற்றிலை வாசனையும் தெலுங்கும். ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். குழந்தை குழம்பும் என்று பயந்து ஒரு மொழியை நிறுத்த வேண்டியதில்லை. அவரவர் மொழி அவரவர் முகம்.

விருந்தாளிகளுக்கு ஒரு சட்டம் போடுங்கள். வந்ததும் பேரைச் சொல்ல வேண்டும். “நான் யாரு, சொல்லு பாக்கலாம்” என்று பரீட்சை வைக்கும் மாமாக்களுக்கு எங்கள் வீட்டில் காப்பி கிடையாது.

இன்னொன்று. நீங்கள் பேசினால் குழந்தை அசையாமல் போய்விடும். ஆர்வம் இல்லை என்று நினைத்து விலகாதீர்கள். காதுகொடுத்துக் கேட்பதால்தான் அந்த அசையாமை. முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவில் பார்வையில்லாத குழந்தைகளை வீடுவீடாகப் போய்க் கவனித்த செல்மா ஃப்ரைபெர்க் கண்டுகொண்டதில் இது முக்கியமானது. முகம் சும்மா இருக்கும்போதும் விரல்கள் பேசிக்கொண்டிருக்கும். பிடித்த பொருளை எடுத்துவிட்டால் விரல் துழாவும். அந்தத் துழாவல்தான் “இன்னும் வேணும்”.

கையை இழுக்காதீர்கள்

நான் செய்த பெரிய தப்பு இது. கிலுகிலுப்பையை அவள் கையில் திணித்து, அவள் கையைப் பிடித்து ஆட்டுவேன். சில வாரத்தில் யார் கையைப் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு முஷ்டியாக மூடத் தொடங்கினாள். பார்க்கிற குழந்தையின் கண்ணைப் பலவந்தமாகத் திறந்து பிடித்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இதுவும் என்று ஒரு சிறப்பாசிரியர் சொன்னார்.

பிறகு மாற்றிக்கொண்டேன். என் கை கீழே, அவள் கை மேலே. நான் சொம்பைத் தொடுகிறேன். என் கையின் முதுகில் அவள் கை சவாரி செய்கிறது. மெல்ல என் விரலை விலக்கினால் அவள் விரல் நுனி சொம்பில் படும். வேண்டாம் என்றால் அவளே எடுத்துக்கொள்ளலாம். மாவு பிசைவது, பூ தொடுப்பது, அவரைக்காய் உரிப்பது எல்லாம் இப்படித்தான் காட்டினேன்.

பொம்மைக் கடைக்கு ஓட வேண்டாம். வழவழப்பான பிளாஸ்டிக் பொம்மைகள் கைக்கு எல்லாம் ஒன்றுதான். முறம், தேங்காய்த் தொட்டி, ஸ்டீல் டம்ளர், மரக்கரண்டி, ஈரத் துணி, கோரைப்பாய், ஆயாவின் சுருக்குப்பை. இறுக மூடிய சின்ன டப்பாவில் கொஞ்சம் துவரம்பருப்பு போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினால் கிலுகிலுப்பை தயார். எல்லாம் வாய்க்குப் போகும், போகட்டும், வாயும் ஒரு கண்தான். தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னதாகவும் கூர்மையாகவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அவள் காலில் கொலுசு போடுங்கள். தன் கால் அசைந்ததால்தான் சத்தம் வந்தது என்று அவள் கண்டுபிடிக்கும் நாள் பெரிய நாள்.

டி.வி.யை அணைத்து வையுங்கள். நாள் முழுக்க சீரியல் ஓடும் வீட்டில் கொலுசுச் சத்தம் எங்கே கேட்கும்?

பலகையும் மேசையும்

தூளி தூங்குவதற்கு மட்டும். விழித்திருக்கும் நேரம் தரையில்தான். ஆனால் சிமென்ட் தரை ஊமை, உதைத்தால் பதில் சொல்லாது. நான்கடிக்கு நான்கடி, 4 மி.மீ. ப்ளைவுட் ஒன்று வாங்கி, விளிம்பைச் சுற்றி அடியில் ஓர் அங்குலச் சட்டம் அடிக்கச் சொன்னேன். பறை மாதிரி ஆகிவிடும். விரலால் சுரண்டினாலும் அதிரும், குதிகால் பட்டால் டம் என்னும். சிராய் இல்லாமல் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் அவளைப் படுக்கவைத்துப் பக்கத்தில் இரண்டு டம்ளர் வைத்தால் போதும்.

டென்மார்க்கில் லில்லி நீல்சன் என்ற ஆசிரியை இருந்தார். உடன்பிறந்தவர்களில் நான்கு பேருக்குப் பார்வை இல்லை. குழந்தை மல்லாந்து படுத்திருக்க, சுற்றிலும் மேலேயும் பொருள்கள் தொங்கும் ஒரு சின்னக் கூண்டு அறையை அவர் உருவாக்கினார். நான் அதற்கு வீட்டிலிருந்த உயரம் குறைந்த மர மேசையைப் பயன்படுத்தினேன். மேசையின் அடியில் ஆணியடித்து ஸ்பூன், சாவிக்கொத்து, பனையோலை, மணி, சொரசொரப்பான நார் என்று எலாஸ்டிக்கில் கட்டித் தொங்கவிட்டேன். நெஞ்சுக்கு மேல், கை சும்மா ஆடினாலே படும் உயரத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் சுற்ற முடியாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முக்கியமாக, தொங்கும் இடத்தை மாற்றாதீர்கள். ஸ்பூன் நேற்று இருந்த அதே இடத்தில் இன்றும் இருந்தால்தான், நான் தொடாதபோதும் அது அங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரியும். நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. அவளுக்கோ சத்தம் நின்றால் பொருளே இல்லாமல் போய்விடுகிறது. முதல் பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் சாவிக்கொத்தைத் தேடிப் பிடித்து இழுத்தாள். நான் கைதட்டிக் கெடுத்துவிட்டேன், சத்தத்தில் விட்டுவிட்டாள். அவள் வேலையில் இருக்கும்போது பேசாதீர்கள்.

குப்புறப் படுப்பதும் தவழ்வதும்

பார்வையில்லாத குழந்தைக்குக் குப்புறப் படுப்பது பிடிக்காது. தலையைத் தூக்கினாலும் பார்க்க ஒன்றும் இல்லை, பிறகு எதற்குத் தூக்குவது? ஆனால் கழுத்தும் தோளும் வலுப்பட அது வேண்டும். அப்பாவின் நெஞ்சில் குப்புறப் போட்டு அவரைப் பேசச் சொல்லுங்கள். தாடை அசைவதைத் தொடத் தலையைத் தூக்குவாள். இரண்டு நிமிஷத்தில் தொடங்கி, நாளுக்கு நாலைந்து முறை போதும்.

தவழ்வது தாமதமாகும், பதற வேண்டாம். பார்வையுள்ள குழந்தை ஐந்து மாதத்திலேயே பொருளைப் பார்த்துக் கை நீட்டும். சத்தத்தை மட்டும் கேட்டு “அங்கே ஒரு பொருள் இருக்கிறது” என்று கை நீட்டுவது முதல் வருடத்தின் கடைசியில்தான் வரும். அது வந்த பிறகுதான் தவழவே தோன்றும். அதனால் முதலில் கை நீட்டப் பழக்குங்கள். டப்பாவைக் கையின் முதுகில் தொட்டுவிட்டு விரலருகே வைத்து ஆட்டுங்கள். பிடித்தால், மறுநாள் நான்கு விரற்கடை தள்ளி. பிறகு ஒரு சாண். கீழே விழுந்த பொருளை எடுத்துக் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கைமேல் அவள் கையை வைத்துத் தரையைத் தடவித் தேடிக் காட்டுங்கள்.

ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று பக்கத்து வீட்டுக் குழந்தையோடு கணக்குப் போட்டால் நீங்கள்தான் தேய்வீர்கள். இவர்களில் பலர் ஒன்றரை, இரண்டு வயதில் நடக்கிறார்கள். ஒரு மாதமாக எந்த அசைவிலும் முன்னேற்றம் இல்லை, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கூழும் களியும்

ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுப் பால் காய்ச்சிக் கொடுத்தோம். வழவழப்பாக இருந்தவரை சரி. கொஞ்சம் திப்பி தெரிந்ததும் துப்பினாள். என்ன வருகிறது என்று தெரியாமல் வாய்க்குள் வந்தால் நாமும் துப்புவோம். வழி ஒன்றுதான்: கை முதலில், மூக்கு அடுத்து, வாய் கடைசி. ஆறிய கூழைத் தட்டில் கொட்டி அளையவிடுங்கள். மூஞ்சியெல்லாம் பூசிக்கொள்ளட்டும், கழுவிக்கொள்ளலாம். அப்புறம் குழைந்த சோறு, பிறகு களியில் நெல்லிக்காய் அளவு, அப்படி மெல்ல மெல்லத் தடிமன் கூட்டுங்கள். மாம்பழச் சீசன் வந்தபோது நன்றாகப் பழுத்த செந்தூராவைத் தோலோடு கையில் கொடுத்தோம். தோல், சதை, கொட்டையின் நார் மூன்றையும் ஒரே உட்காரலில் படித்துவிட்டாள்.

பேச்சு, கண்ணை அழுத்துவது, தூக்கம்

அவள் எதைத் தொடுகிறாளோ அதன் பெயரை அந்த நொடியே சொல்லுங்கள். “இது கதவு, கதவு ஜில்லுனு இருக்கு.” கேள்வியாகக் கேட்டுக் குடையாதீர்கள். “பாரு” என்ற சொல்லை ஒளிக்கவும் வேண்டாம், அவள் கையால் பார்க்கட்டும். மாட்டைப் பற்றிப் பாட்டுப் பாடினால் மட்டும் போதாது. கன்றுக்குட்டியின் காதை, மூக்கின் ஈரத்தை, வாலைத் தொட்ட பிறகுதான் அந்தப் பாட்டுக்கு அர்த்தம் வரும்.

விரலால் கண்ணைக் குத்தி அழுத்துவாள். அழுத்தினால் உள்ளே வெளிச்சம் மாதிரி ஏதோ தோன்றுவதுதான் காரணம் என்கிறார்கள். கையில் அடிக்காதீர்கள், அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள். பெரும்பாலும் சும்மா இருக்கும்போதும் அலுப்பிலும்தான் செய்வாள்.

வெளிச்சமே தெரியாத குழந்தைக்கு ராத்திரி பகல் மாறிப்போகலாம். தினமும் ஒரே நேரத்தில் எழுப்புவது, காலையில் முற்றத்தில் தூக்கிக்கொண்டு நடப்பது, மாலையில் ஒரே நேரத்தில் குளியல், ஒரே தாலாட்டு. எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள், மருந்துக் கடையில் கேட்க வேண்டாம்.

கொஞ்சம் பார்வை இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ‘பார்வையில்லை’ என்று எழுதிக்கொடுத்த பலருக்கு வெளிச்சமோ நிழலோ தெரியும். கறுப்புத் துணிமேல் வெள்ளைக் கிண்ணம், ஜன்னல் வெளிச்சம் குழந்தையின் முதுகுப் பக்கம். பிறந்தபோது மூச்சுத் திணறலால் மூளைப் பகுதியில் பார்வை பாதித்த குழந்தைகளுக்கு ஒரு நேரத்தில் ஒரே பொருள், பளிச்சென்ற மஞ்சள் அல்லது சிவப்பு, மெல்ல அசைத்துக் காட்டினால் கவனம் வருவதுண்டு.

அலுவலக வேலை

இதை ஒத்திப்போடாதீர்கள். குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடிக்க ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2013-இல் வந்தது. அதன் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் தொடக்கநிலை இடையீட்டு மையம் நடக்கிறது, டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, சிறப்பாசிரியர் எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். வழி தெரியாவிட்டால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். சென்னைக்குப் போக முடிந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பார்வையோடு வேறு குறையும் சேர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு அது உதவும். 2021-இல் அங்கே கைக்குழந்தைகளுக்கான மையமும் தொடங்கினார்கள்.

மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். 2016 சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருந்தால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். சிறு குழந்தைக்குத் தற்காலிகச் சான்றாகக் கொடுத்து மறுபடி வரச் சொல்வார்கள், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். ஏதாவது இழுத்தடித்தால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். எல்லாக் காகிதத்திலும் ஐந்து ஜெராக்ஸ். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் குழந்தையின் பெயரைச் சொல்லி வையுங்கள். அங்கிருக்கும் சிறப்பாசிரியர் பள்ளி வயதுக்கு முன்பே வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க வாய்ப்புண்டு.

நடைவண்டியும் அங்கன்வாடியும்

உட்காரவைத்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கர் வேண்டாம். மூன்று சக்கர மர நடைவண்டி வாங்குங்கள். பிடித்து நிற்க உதவும், அதைவிட முக்கியமாக அவளுக்கு முன்னால் போய் முட்டிச் சொல்லும். பிற்காலத்தில் வெள்ளைக் கோல் செய்யப்போகும் வேலை அதுதான். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதீர்கள். கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லை முழுக்கச் சாத்தியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்புதான் நெற்றியைப் பிளக்கும். அடுப்பும் கிணறும் தடுப்புக்குள். ஆட்டுக்கல்லில் அவள் நாலு தரம் முட்டினாள். ஐந்தாவது தரம் நிறுத்தி, தட்டிப்பார்த்து, சுற்றிப் போனாள்.

இரண்டு வயதில் அங்கன்வாடியில் சேர்க்கும்போது முதல் நாள் கூட்டத்தில் விடாதீர்கள். முந்தின வாரம், பிள்ளைகள் போன பிறகு மாலையில் ஆசிரியரிடம் கேட்டு அழைத்துப் போங்கள். வாசற்படியிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு ஒரு சுற்று. தண்ணீர்க் குடம் எங்கே, பாய் எங்கே, கழிப்பறை எந்தப் பக்கம். அவள் தட்டின் விளிம்பில் ஒரு நூல் கட்டி, அடுக்கில் எந்த மூலையில் இருக்கும் என்று காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வேறு பிள்ளை அந்தத் தட்டை எடுத்துவிட்டதாம். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது என்து இல்ல” என்று அழுதிருக்கிறாள்.